‘தி எக்ஸார்சிஸ்ட்’ திரைக்குப் பின்னால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐம்பது வருடம் தாண்டிய பிறகும் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு ஓயவில்லை. பேசப்படுவதில் பாதிக்கு மேல் ‘சாபம்’ பற்றித்தான். படப்பிடிப்பில் பேய் புகுந்தது, அதனால்தான் விபத்துகள் நடந்தன என்கிறார்கள். இந்தக் கதைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். அந்த அறையில் நடுங்கியது, முதுகு உடைந்தது, தொண்டை கிழியக் கத்தியது எல்லாம் மனிதர்கள். அவர்கள் பட்ட பாட்டைப் பேயின் கணக்கில் எழுதிவிட்டால் அவர்களுக்கு என்ன மிச்சம்? அதனால்தான் என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் எழுதுகிறேன். கதையின் முடிவும் இதில் வரும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

படம் பார்த்து ரொம்ப நாளாயிற்று. கதை என்ன?

வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் கிறிஸ் மெக்நீல் என்ற நடிகை தன் மகள் ரீகனோடு தங்கியிருக்கிறாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் நடத்தை கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. மருத்துவர்கள் எல்லாச் சோதனையும் செய்து கைவிரித்த பிறகு, கடவுள் நம்பிக்கையே இல்லாத அந்தத் தாய் ஒரு பாதிரியாரிடம் போய் நிற்கிறாள். அவர்தான் ஃபாதர் காரஸ். மனநல மருத்துவமும் படித்தவர். அம்மாவைத் தனியாகச் சாக விட்டுவிட்டோம் என்ற குற்ற உணர்வில் விசுவாசமே ஆட்டம் கண்டவர். அவருக்குத் துணையாக வரும் வயதான பாதிரியார் மெரின். இருவரும் அந்த அறைக்குள் போகிறார்கள். வெளியே உயிரோடு வருவது சிறுமி மட்டும்தான்.

நாவலை எழுதியவர் வில்லியம் பீட்டர் பிளாட்டி. திரைக்கதையும் தயாரிப்பும் அவரே. இயக்கம் வில்லியம் ஃப்ரீட்கின். 1973 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அமெரிக்காவில் வெளியானது.

இது உண்மைக் கதையா?

உண்மைச் செய்தி ஒன்றிலிருந்து முளைத்த கற்பனைக் கதை. 1949-ல் பிளாட்டி ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மாணவர். அந்த ஆகஸ்டில், மேரிலாந்தைச் சேர்ந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்குப் பேயோட்டுதல் நடந்ததாக ‘வாஷிங்டன் போஸ்ட்’ செய்தி போட்டது. சடங்கு முடிந்தது செயின்ட் லூயிஸ் நகரத்தில். நடத்தியவர் சேசு சபைக் குரு வில்லியம் பௌடர்ன். ஏறக்குறைய இருபது வருடம் அந்தச் செய்தி பிளாட்டியின் தலைக்குள்ளேயே கிடந்தது.

எழுத உட்கார்ந்தபோது அவர் பௌடர்னுக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். விவரங்களைத் தர அவருக்கு அனுமதியில்லை. பையனை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அதற்காகவே பிளாட்டி பையனைப் பெண்ணாக மாற்றினார். தலை முழுச்சுற்றுச் சுற்றுவது, மாடியிலிருந்து ஆள் விழுவது, இரண்டு பாதிரியார்களும் சாவது எதுவும் அந்தச் செய்தியில் இல்லை. அந்தப் பையன் பிழைத்தான், வளர்ந்தான், தன் வாழ்க்கையை வாழ்ந்தான். அவன் பெயரைத் தோண்டியெடுத்து இணையத்தில் போடுகிறவர்கள், பௌடர்ன் எதற்காக அவ்வளவு தயங்கினார் என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

பிளாட்டி அதற்கு முன் எழுதியதெல்லாம் நகைச்சுவைதானாமே?

ஆமாம். நாவலும் நகைச்சுவைத் திரைக்கதைகளும் எழுதிக்கொண்டிருந்தார். 1961-ல் தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றில் 10,000 டாலர் ஜெயித்து, வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனவர். லெபனான் வம்சாவளி, ஆழ்ந்த கத்தோலிக்கர். 1971-ல் ‘எக்ஸார்சிஸ்ட்’ நாவல் வந்தபோது முதலில் விற்கவில்லை. ஒரு தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சிக்கு வரவேண்டிய விருந்தினர் வராமல் போக, கடைசி நேரத்தில் இவரைக் கூப்பிட்டார்கள். அன்று பேசிய பிறகுதான் புத்தகம் பறந்தது.

கிழவர் மெரினுக்கும் நிஜ மனிதர் ஒருவரின் சாயல் உண்டு. பெய்ரூட்டில் அமெரிக்க அரசுத் தகவல் துறையில் வேலை பார்த்த காலத்தில் பிளாட்டி சந்தித்த தொல்லியலாளர் ஜெரால்ட் லாங்கெஸ்டர் ஹார்டிங்தான் அவர். சாக்கடல் சுருள்கள் கிடைத்த குகைகளை ஆராய்ந்தவர். கதையில் பாதிரியாரின் முழுப்பெயர் லாங்கெஸ்டர் மெரின்.

சிறுமியின் அறையில் தெரியும் மூச்சுப் புகை நிஜமா?

நிஜம். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கதைப்படி, பேய் இருக்கும் அறை உறைந்து கிடக்க வேண்டும். இன்றானால் கணினியில் வெள்ளைப் புகையைச் சேர்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அன்று அது முடியாது. அதனால் நியூயார்க் ஸ்டுடியோ ஒன்றில் படுக்கையறையைக் கட்டி, அந்த அறையையே பெரிய குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்த மாதிரி ஆக்கினார்கள். வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே போகும். விளக்குகளைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் சூடு ஏறிவிடும், மூச்சுப் புகை மறைந்துவிடும். உடனே நிறுத்தி, விளக்கை அணைத்து, மறுபடி குளிரவிட வேண்டும். ஒரு நாளைக்குச் சில ஷாட்டுகள்தான் தேறும். ஒரு நாள் காலை, அறையில் இருந்த ஈரம் உறைந்து மெல்லிய பனியாக விழுந்திருந்தது.

குளிர் மட்டும் போதாது. மூச்சு திரையில் தெரிய வேண்டுமானால் ஒளி அதன் பின்னாலிருந்து வர வேண்டும். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அதை எப்படிச் செய்திருக்கிறார் என்று அடுத்த முறை கவனியுங்கள். மெரின் ஜெபம் சொல்லும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சின்ன வெண்மேகம் எழும்பும். அந்த மேகத்துக்குப் பின்னால் இருட்டு இருக்கும்.

படக்குழுவினர் பனிப்பிரதேசத்துக் கனத்த உடைகளில் நின்றார்கள். பாதிரியார்களாக நடித்தவர்களுக்கு அங்கியாவது இருந்தது. ரீகனாக நடித்த பதின்மூன்று வயது லிண்டா பிளேருக்கு ஒரு நைட்கவுன்தான். தனக்குக் குளிரே பிடிக்காமல் போனது அந்தப் படப்பிடிப்பால்தான் என்று அவர் பின்னாளில் சொன்னார்.

பேயின் குரல் யாருடையது?

மெர்சிடஸ் மெக்கேம்ப்ரிட்ஜ். 1949-ல் வந்த படம் ஒன்றுக்காக ஆஸ்கர் வாங்கியவர். வானொலி நாடகத்தில் வளர்ந்ததால், குரல் ஒன்றையே வைத்து ஆளை உருவாக்கத் தெரிந்தவர். லிண்டா பிளேரின் குரலிலேயே முதலில் முயன்று பார்த்தார்கள். ஒரு பிள்ளையின் குரலைத் தாழ்த்தினால் தாழ்ந்த பிள்ளைக் குரல்தான் வரும். பேய்க்கு அது போதவில்லை.

மெக்கேம்ப்ரிட்ஜ் பச்சை முட்டையை விழுங்கினார், விடாமல் சிகரெட் பிடித்தார், விஸ்கி குடித்தார். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வந்திருந்தவர் அவர். அது தெரிந்தேதான், இந்த வேலைக்காக மறுபடி குடித்தார். மனம் தடுமாறாமல் இருக்க, தனக்குத் தெரிந்த பாதிரியார்கள் பக்கத்தில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். கட்டிலில் கட்டப்பட்ட சிறுமியின் திணறல் குரலில் வர வேண்டும் என்பதற்காகத் தன்னையும் நாற்காலியில் கட்டிப்போடச் சொன்னார். மூச்சுக்குழாய் அழற்சி அவருக்கு நெடுநாளாக இருந்த நோய். அந்த மூச்சு இரைச்சலைக்கூட மறைக்காமல் பேயின் மூச்சாக்கினார்.

இவ்வளவும் செய்தவரின் பெயர், படம் வெளியானபோது பட்டியலில் இல்லை. தியேட்டரில் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தார். பிறகு நடிகர் சங்கத்தின் துணையோடு போராடி, பிரதிகளில் தன் பெயரைச் சேர்க்க வைத்தார். பேயின் குரல் யாருடையது என்ற இந்தச் சர்ச்சையால்தான் லிண்டா பிளேருக்கு ஆஸ்கர் கைநழுவியது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்திய பேச்சு அது. மெக்கேம்ப்ரிட்ஜின் பெயரை முதலிலேயே போட்டிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இருட்டில் ஒரு கணம் தோன்றி மறையும் வெள்ளை முகம் யார்?

எய்லீன் டீட்ஸ். லிண்டாவுக்குப் பதிலாகச் சில கடினமான காட்சிகளில் நின்றவர். ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் ரீகனுக்காகப் பல முக ஒப்பனைகளைச் சோதித்துப் பார்த்தார். அதில் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு சோதனைதான் அந்தச் சுண்ணாம்பு முகம். ஃப்ரீட்கினுக்கு அது மனதில் தங்கிவிட்டது. காரஸின் கனவுக்குள் கண்சிமிட்டும் நேரத்துக்கு வெட்டிச் சேர்த்தார். பார்த்தோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வரும் அளவு மட்டும்.

மெரினாக நடித்தவருக்கு அப்போது என்ன வயது?

நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. நம்பவே முடியாது. ஸ்வீடன் நடிகர் மாக்ஸ் வான் சிடோவின் முகத்திலும் கழுத்திலும் கையிலும் டிக் ஸ்மித் தினமும் பல மணி நேரம் உட்கார்ந்து முப்பது வருடத்தை ஏற்றினார். அது அவ்வளவு நன்றாக அமைந்ததால் யாரும் அதை ஒப்பனை என்றே நினைக்கவில்லை. வான் சிடோ நிஜமாகவே வயதானபோது மெரின் மாதிரியேதான் இருந்தார்.

இன்னொன்று. அவர் 1965-ல் ஒரு ஹாலிவுட் படத்தில் இயேசுவாகவே நடித்தவர். ஆனாலும் பேயோட்டும் காட்சியில் கிறிஸ்துவின் வல்லமையைச் சொல்லி முழங்கும் இடத்தில் அவருக்கு வேகம் வரவில்லை என்றும், கடவுள் நம்பிக்கை இல்லாததால் சொல்ல வரவில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார் என்றும் ஃப்ரீட்கின் பின்னாளில் சொன்னார்.

அந்தப் பச்சை வாந்தி, வயிற்றில் எழும் எழுத்து, தலைசுற்றல் எல்லாம் எப்படி?

வாந்தி, பட்டாணி சூப்பும் ஓட்ஸ் கஞ்சியும் கலந்த கலவை. ஒப்பனைக்கு அடியில் கன்னத்தோரமாக மறைத்த குழாய் வழியாகப் பீய்ச்சினார்கள். நெஞ்சில் படும் என்று சொல்லியிருந்தார்கள், அது காரஸாக நடித்த ஜேசன் மில்லரின் முகத்தில் அடித்தது. காரஸ் அருவருத்து வழித்துப் போடுவது நடிப்பே இல்லை.

தலைசுற்றலுக்கு, லிண்டாவின் அச்சில் செய்த முழு உருவப் பொம்மை. கட்டில் ஆட்டத்தையும் உடல் மிதப்பதையும் மார்செல் வெர்குட்டேர் குழு இயந்திரங்களாலும் மெல்லிய கம்பிகளாலும் செய்தது.

சிறுமியின் வயிற்றில் ‘உதவுங்கள்’ என்று தழும்பு எழுத்து எழும் காட்சிதான் கைவேலையின் உச்சம். நுரை ரப்பரில் ஒரு போலி வயிறு செய்தார்கள். அதன்மேல் சலவைக்காரர்கள் கறை எடுக்கப் பயன்படுத்தும் மாதிரியான கரைப்பானால் எழுதினால் ரப்பர் உப்பும். சூடான காற்றை அடித்தால் உப்பியது வடிந்து சமமாகிவிடும். அந்த வடிதலைப் படம் பிடித்துப் பின்னோக்கி ஓட்டினார்கள். நமக்கு எழுத்து உள்ளேயிருந்து எழுந்து வருவது போலத் தெரிகிறது. டிக் ஸ்மித்தின் யோசனை அது. அவருக்கு உதவியாளராக நின்ற இளைஞர் ரிக் பேக்கர், பிற்காலத்தில் ஒப்பனைக்காக ஏழு ஆஸ்கர் வாங்கியவர்.

சத்தம் ஏன் இப்படி உடம்புக்குள் இறங்குகிறது?

அதில் உயிருள்ள சத்தங்கள் கலந்திருக்கின்றன. பன்றிகளின் அலறல் இருக்கிறது. கோபத்தில் ரீங்கரிக்கும் தேனீக்கள் இருக்கின்றன. காது அதை இன்னதென்று பிரித்தறிவதில்லை. ஆனால் உடம்பு அறிந்துகொள்கிறது.

கழுத்து திரும்பும்போது எலும்பு நொறுங்கும் சத்தம் வருமே, அதைச் செய்தவர் மெக்சிகோவிலிருந்து வரவழைக்கப்பட்ட கொன்சாலோ கவீரா. தோல் பர்ஸ் ஒன்றை வாங்கினார். உள்ளே கிரெடிட் கார்டுகள் இருந்தன. மைக்குக்குப் பக்கத்தில் வைத்துத் துணி பிழிகிற மாதிரி முறுக்கினார். அவ்வளவுதான். வீட்டில் பழைய பர்ஸ் இருந்தால் காதருகே வைத்து முறுக்கிப் பாருங்கள், முதுகு சிலிர்க்கும்.

அப்புறம், நிசப்தம். இரைச்சலின் உச்சத்தில் சட்டென்று வெட்டி அமைதியான இடத்துக்குப் போய்விடுவார் ஃப்ரீட்கின். ஒலிக்கு ஆஸ்கர் கிடைத்தது நியாயம். பத்துப் பரிந்துரைகளில் படம் வென்றவை இரண்டு, மற்றது பிளாட்டியின் திரைக்கதைக்கு. சிறந்த படத்துக்கான பரிந்துரையில் இடம்பெற்ற முதல் திகில் படமும் இதுதான்.

அந்தப் பிரபல இசை இதற்காகவே போட்டதா?

இல்லை. லாலோ ஷிஃப்ரின் இசையமைக்கத் தொடங்கி, ஃப்ரீட்கினுக்குப் பிடிக்காமல் விலக்கப்பட்டார். பிறகு ஏற்கெனவே வந்திருந்த இசைத்தட்டுகளைத் தேடினார்கள். மைக் ஓல்ட்ஃபீல்ட் என்ற பத்தொன்பது வயது இளைஞர் பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்துப் பதிவு செய்த ‘ட்யூபுலர் பெல்ஸ்’, 1973 மே மாதம் வந்திருந்தது. அதன் தொடக்கத்துணுக்கைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தாய் இலையுதிர் காலத்துத் தெருவில் நடந்து வீடு திரும்பும்போது அது ஒலிக்கிறது. படத்தில் சொற்ப நேரமே வந்தாலும் படம் என்றாலே அதுதான் நினைவுக்கு வருகிறது. பேய் வரும் இடங்களில் பெண்டரெட்ஸ்கி போன்ற நவீன இசையமைப்பாளர்களின் கீறல் தந்தியிசை இருக்கிறது.

படப்பிடிப்பில் சாபம் இருந்ததா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டு செட் எரிந்தது உண்மை. பறவை ஒன்று மின்பெட்டிக்குள் புகுந்ததில் தீப்பிடித்தது என்று சொல்லப்பட்டது. ஆறு வாரம் வேலை நின்றது. சிறுமியின் அறை மட்டும் தப்பியது. அதைத்தான் ஆதாரம் என்று எல்லோரும் நீட்டுகிறார்கள்.

படத்தில் பர்க் என்ற சினிமா இயக்குநர் பாத்திரத்தில் நடித்த ஜாக் மெக்காவ்ரன் 1973 ஜனவரியில் இறந்தார். அவர் பகுதி அதற்குள் முடிந்திருந்தது. காரணம் ஃப்ளூ காய்ச்சல். காரஸின் அம்மாவாக வந்த வசிலிகி மலியாரோஸும் படம் வெளிவருமுன் காலமானார். அவர் தள்ளாத வயதுக்காரர். அந்தத் தள்ளாமைதான் அந்தப் பாத்திரத்துக்கே உயிர் கொடுத்தது. 1972 ஆகஸ்டில் தொடங்கி 200 நாளுக்கு மேல் இழுத்த படப்பிடிப்பு இது. இவ்வளவு பேர் இவ்வளவு நாள் கூடியிருக்கும் எந்த இடத்திலும் சாவும் நோயும் எட்டிப் பார்க்கத்தான் செய்யும்.

காயங்கள் வேறு விஷயம். அவற்றுக்குக் காரணம் உண்டு. மகள் தாயை அறைந்து தள்ளும் காட்சியில் தாயாக நடித்த எல்லன் பர்ஸ்டினின் உடம்பில் கம்பி கட்டிப் பின்னாலிருந்து இழுத்தார்கள். ரொம்ப வேகமாக இழுக்கிறார்கள், அடிபடும் என்று முன்கூட்டியே ஃப்ரீட்கினிடம் சொன்னதாக அவர் பலமுறை கூறியிருக்கிறார். அடுத்த டேக்கில் வால் எலும்பு தரையில் மோத விழுந்தார். படத்தில் நாம் கேட்கும் அலறல் அந்த வலியின் அலறல். கேமரா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. லிண்டா பிளேரைக் கட்டிலில் முன்னும் பின்னுமாகத் தூக்கியடித்த கருவியில் கட்டு தளர்ந்து, அவர் முதுகெலும்பில் அடிபட்டது. வலிக்கிறது, நிறுத்துங்கள் என்று அவர் கத்தியது வசனமோ என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஃப்ரீட்கின் நடிகர்களைத் திடுக்கிட வைக்கச் செட்டில் துப்பாக்கி சுடுவார். கடைசியில் ஜன்னல் வழியே குதித்து, படிக்கட்டின் அடியில் சாகும் நண்பன் காரஸுக்குப் பாவமன்னிப்புச் சொல்லும் ஃபாதர் டயராக நடித்தவர் நிஜமான சேசு சபைக் குரு, வில்லியம் ஓமாலி. நடுக்கம் வரவில்லை என்று ஃப்ரீட்கின் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டு உடனே கேமராவை ஓடவிட்டார். ஆசீர்வதிக்கும் கை நடுங்குவது அதனால்தான். காட்சி உலுக்குகிறது, உண்மை. ஆனால் அது சரியான வழி என்று என்னால் சொல்ல முடியாது. ஃப்ரீட்கின் பெரிய இயக்குநர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முதுகை மறக்க வேண்டியதில்லை.

செட்டில் பாதிரியார் பேயோட்டினாரா?

ஓட்டவில்லை. படத்தின் ஆலோசகர்களில் ஒருவரும் பல்கலைக்கழகத் தலைவராகச் சின்ன வேடத்தில் வந்தவருமான ஃபாதர் தாமஸ் பெர்மிங்ஹாமை, செட்டுக்குப் பேயோட்டித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அது பயத்தைக் கூட்டும் என்று மறுத்து, எல்லோரையும் கூட்டி ஆசீர்வாதம் மட்டும் கொடுத்தார். திருச்சபையில் பேயோட்டுதல் நினைத்தவுடன் செய்கிற காரியமில்லை. ஆயரின் வெளிப்படையான அனுமதி வேண்டும். நோயாக இருக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். படத்தில் வருவது 1614-ஆம் ஆண்டுச் சடங்கு நூலின் முறை. அதன் பேயோட்டும் பகுதி 1999-ல்தான் முழுமையாகத் திருத்தி வெளியிடப்பட்டது.

மருத்துவமனைக் காட்சி ஏன் பேய்க் காட்சியை விடப் பதற வைக்கிறது?

ஏனென்றால் அது அப்படியே நிஜ நடைமுறை. மருத்துவமனையில், நிஜ ஊழியர்களை வைத்து எடுத்தார்கள். கழுத்துத் தமனியில் ஊசி ஏற்றி, மருந்து செலுத்தி, மூளையின் ரத்தக்குழாய்களை எக்ஸ்ரே எடுக்கும் சோதனை அது. ஊசி இறங்கியதும் ரத்தம் பீய்ச்சும். சிடி ஸ்கேன் அப்போதுதான் பிறந்திருந்தது, முதல் நோயாளிக்கு எடுத்ததே 1971 அக்டோபரில். அதற்கு முன் மூளைக்குள் என்ன என்று பார்க்க இருந்த முக்கிய வழிகளில் ஒன்று இது. தியேட்டரில் மயங்கி விழுந்தவர்களில் பலர் இந்த இடத்தில்தான் விழுந்தார்கள். பேய்க்கு முன்னால் அந்தக் குழந்தையை வதைப்பது, அதைக் காப்பாற்றத் துடிக்கும் நல்ல மனிதர்கள்தான் என்பதை ஃப்ரீட்கின் கூட்டாமல் குறைக்காமல் காட்டியிருக்கிறார்.

தொடக்கத்தில் வரும் பாலைவனம் எங்கே? அந்தச் சிலை யாருடையது?

ஈராக்கின் வடபகுதி. மொசூல் பக்கமும் பழைய ஹத்ரா நகரத்தின் இடிபாடுகளிலும் எடுத்தது. அமெரிக்காவுக்கும் ஈராக்குக்கும் அப்போது தூதரக உறவே கிடையாது. சின்னக் குழுவோடு போய், அந்த வெயிலில் எடுத்தார்கள். அங்கே ஒளிப்பதிவு பில்லி வில்லியம்ஸ். படத்தின் தொடக்கத்திலேயே தொழுகைக்கான பாங்கு ஒலிக்கும். ஹத்ரா 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2015-ல் ஐஎஸ் அமைப்பினர் அங்கிருந்த சிற்பங்களை உடைத்தார்கள். அதை நினைத்துக்கொண்டு இப்போது அந்தக் காட்சிகளைப் பார்த்தால் வேறுவிதமாகக் கனக்கிறது.

சிலை பசூசு. மெசொப்பொத்தாமியர்களின் காற்றுப் பேய். படத்தில் முழுத் தீமை. ஆனால் அந்த நாட்டு மக்களுக்கு அது இன்னொன்றாகவும் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளையும் பச்சிளங்குழந்தைகளையும் தாக்கும் லமஷ்டு என்ற பெண்பேயை விரட்டுவது பசூசுதான் என்று நம்பினார்கள். பசூசு தலை போட்ட தாயத்தைப் பெண்கள் அணிந்தார்கள். குழந்தையைக் காக்கக் கட்டிய உருவம் திரையில் குழந்தையைப் பிடிக்க வந்து நிற்கிறது.

காரஸ் விழுந்து சாகும் அந்தப் படிக்கட்டு இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் பிராஸ்பெக்ட் தெருவிலிருந்து எம் தெருவுக்கு இறங்கும் 75 படிகள். நிஜ வீடு படிக்கட்டிலிருந்து தள்ளி இருந்ததால், ஜன்னலிலிருந்து குதித்தால் படியில் விழுகிற மாதிரி வீட்டுக்கு ஒரு போலி நீட்டிப்பைக் கட்டினார்கள். படிகளில் அரை அங்குல ரப்பர் ஒட்டி, சண்டைக் கலைஞர் ஒருவர் இரண்டு முறை உருண்டார். 2015 அக்டோபர் 30 அன்று அங்கே நினைவுப் பலகை வைத்தார்கள். ஃப்ரீட்கினும் பிளாட்டியும் வந்திருந்தார்கள். பிளாட்டி 2017-லும் ஃப்ரீட்கின் 2023-லும் காலமானார்கள்.

விளக்குக் கம்பத்தின் கீழ் மெரின் பெட்டியோடு நிற்கும் பிரபலமான காட்சியும் அந்த வீட்டு வாசலில் எடுத்ததுதான். ஓவியர் மக்ரீத்தின் ‘ஒளியின் பேரரசு’ ஓவியத்திலிருந்து பிறந்தது அது.

வெளியானபோது மக்கள் நிஜமாகவே மயங்கினார்களா?

மயங்கினார்கள், வாந்தி எடுத்தார்கள், பாதியில் ஓடினார்கள். கடுங்குளிரிலும் தெருவைச் சுற்றி வரிசையில் நின்றார்கள். போதகர் பில்லி கிரஹாம், படச்சுருளிலேயே தீய சக்தி இருப்பதாகச் சொன்னார். இத்தனைக்கும் எழுதியவர் பக்தர், நடித்தவர்களில் சிலர் குருக்கள். லிண்டா பிளேருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. சில மாதம் அந்தப் பிள்ளை மெய்க்காவலர்களோடு வாழ வேண்டியிருந்தது. பிரிட்டனில் 1988-லிருந்து 1999 வரை வீடியோவாகக் கிடைக்கவில்லை.

2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் என்ன வித்தியாசம்? எதைப் பார்ப்பது?

பத்து நிமிடத்துக்கு மேல் கூடுதல். சிறுமி முதுகை வளைத்துச் சிலந்தி போலப் படியிறங்கும் காட்சி எல்லோருக்கும் தெரியும். அதைச் செய்தவர் ஒரு சாகசக் கலைஞர். தாங்கிப் பிடித்த கம்பிகள் தெரிந்ததால் 1973-ல் வெட்டினார்கள். பிறகு கணினியில் கம்பியை அழித்தார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு சேர்ப்பு. சடங்கின் நடுவே இரண்டு பாதிரியார்களும் களைத்துப்போய் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். எதற்காக இந்தச் சிறுமி என்று காரஸ் கேட்பார். நாம் மனமுடைய வேண்டும், நம்மை நாமே மிருகமாகவும் அசிங்கமாகவும் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் என்ற பொருளில் மெரின் பதில் சொல்வார். கதையின் இதயமே அதுதான் என்று பிளாட்டி வருடக்கணக்காக ஃப்ரீட்கினிடம் வாதாடினார். கடைசியில் நண்பனுக்காக ஃப்ரீட்கின் சேர்த்துக் கொடுத்தார்.

முதல்முறை பார்ப்பவர்கள் 1973 பதிப்பைப் பாருங்கள், அதன் கட்டு இறுக்கமானது. இரண்டாவது முறை மற்றதை. நல்ல ஹெட்போன் இருந்தால் நல்லது. படம் முடிந்ததும் எழுந்துவிடாமல் பெயர்களை ஓடவிடுங்கள். மெர்சிடஸ் மெக்கேம்ப்ரிட்ஜ் என்ற பெயர் வரும். எய்லீன் டீட்ஸின் பெயர் வராது.